ஒன்பதுக்கு அடுத்த எண்

ரத்த வங்கியின் பழைய கணினி ஒரே வாரத்தில் மூன்றாவது முறையாகத் தானாக அணைந்தபோது, ரீடிங் அக்கா ஒரு தாளில் மணிக்கு ஒன்று வீதம் இருபத்து நான்கு கட்டம் போட்டு, அதைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினாள். இனி இயந்திரத்தை நம்புவதற்கில்லை, கண்ணைத்தான் நம்ப வேண்டும் என்று நர்ஸிடம் சொன்னாள். நர்ஸ் முதல் கட்டத்தில் எழுதினாள்: நாலு டிகிரி.

ரீடிங் அக்கா அந்த மருத்துவமனையின் ரத்த வங்கியில் பதினேழு வருடமாக டெக்னீஷியன். காலையில் உள்ளே வந்ததும், யாருக்கும் வணக்கம் வைப்பதற்கு முன்னால் வெப்பமானியின் ரீடிங்கைப் பார்ப்பாள் என்பதால் வந்த பட்டப்பெயர். அவளைவிடப் பத்து வயது மூத்தவரான மருத்துவமனைக் கண்காணிப்பாளரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

குளிர்பெட்டியில் அன்றைய கணக்குக்கு நூற்று எண்பத்தாறு ரத்தப் பைகள் இருந்தன. இரண்டு டிகிரிக்குக் கீழே போனாலும் ஆகாது, ஆறைத் தாண்டினாலும் ஆகாது. பத்தைத் தொட்டால் பை குப்பைக்குத்தான். ஒன்பது வருடமாக இதைக் கவனித்துக்கொண்டது ‘குளிர்க்காவல்’ என்ற இலவச நிரல். நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பமானியைப் படித்து, எல்லை தாண்டினால் நான்கு பேருடைய கைபேசியில் அலறும். அதை எழுதியவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. எங்கோ இருந்த யாரோ ஒரு நல்ல மனுஷர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்துவிட்டு, வயதானதும் அதைத் திறந்த மென்பொருள் ஒருமைப்பாட்டு மன்றத்திடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வுபெற்றிருந்தார்.

புதுக் கணினி வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. இந்த மாதிரி இலவச நிரல்கள் சமைத்த சாப்பாடாக வருவதில்லை. அரிசியும் பருப்புமாகத்தான் வரும். நம் கணினியில் நாம்தான் சமைத்துக்கொள்ள வேண்டும். அடுப்பு இருக்கிறதா, பாத்திரம் இருக்கிறதா என்று முன்கூட்டியே சரிபார்த்துக் கொடுக்க ஒரு சின்ன நிரல் கூடவே வரும். அதற்கு ஆயத்த ஸ்கிரிப்ட் என்று பெயர். அக்கா அதை ஓட்டினாள். அது ஒரு வரி சொல்லிவிட்டு நின்றது: ‘உங்கள் கருவி பழையது. 1.9 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை. உங்களிடம் இருப்பது 1.10.’

இரண்டு முறை படித்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாவது முறை படித்தாள். பிறகு, கேட்கிறதே என்று, நிரலைச் சமைக்கும் அந்தக் கருவியைப் புதுப்பித்தாள். ‘உங்களிடம் இருப்பது 1.11. இதுவும் பழையது’ என்றது.

இரண்டு ரத்த மாதிரிகள் ஒன்றோடொன்று சேருமா சேராதா என்று பார்ப்பது அவள் தொழில். எங்கே சேரவில்லை என்று கண்டுபிடிக்கும் வரை எழுந்திருக்க மாட்டாள். மூன்று நாள் மதிய இடைவேளையில் அந்த ஸ்கிரிப்டை வரி வரியாகப் படித்தாள். அறுபத்தெட்டாவது வரியில் பிடிபட்டது. பதிப்பு எண்ணைத் தசம எண்ணாக நினைத்து எழுதியிருந்தார்கள். ஒன்று புள்ளி ஒன்பது, ஒன்று புள்ளி ஒன்று பூஜ்யம். தசமக் கணக்கில் இரண்டாவது சின்னதுதான். ஆனால் அது ஒன்பதாவது பதிப்புக்கு அடுத்த பத்தாவது பதிப்பு. ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். மாற்றினாள். ஓடியது.

அத்தோடு கதை முடிந்திருக்கும். ஆனால் கண்காணிப்பாளர் வந்து புதுக் கணினியின் திரையைப் பார்த்தார். மேல் மூலையில் பச்சையாக இருக்க வேண்டிய மன்றத்தின் முத்திரை சிவப்பாக இருந்தது. நோயாளிகளைத் தொடும் எந்த நிரலும் மன்ற முத்திரையோடுதான் ஓட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஒரு எழுத்தை நாமே மாற்றினாலும் முத்திரை கலைந்துவிடும். பிழையுள்ள நிரலுக்கு முத்திரை உண்டு, அதனால் அதை நிறுவலாம். ஆனால் அது ஓடாது. ஓடுகிற நிரலுக்கு முத்திரை இல்லை, அதனால் அதை நிறுவ முடியாது. கண்காணிப்பாளர் கெட்டவர் அல்ல. ஒரு வரிதானே, மன்றத்துக்கு எழுதிப்போட்டால் அவர்களே மாற்றி முத்திரை போட்டு அனுப்பிவிடுவார்கள் என்றார். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள்.

அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவள் நாத்தனாருக்கு இது இரண்டாவது பிரசவம், நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் உயிருக்கே ஆபத்தாகிவிட்டது. சுலபத்தில் கிடைக்காத நெகட்டிவ் வகை ரத்தம். இந்த முறை நாலு பையாவது கையில் இல்லாமல் தொட மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கெங்கோ விசாரித்து நாலு பை சேர்த்து, குளிர்பெட்டியின் மூன்றாவது தட்டில் வைத்திருந்தார்கள்.

மன்றத்துக்கு அவள் எழுதிய கடிதம் நாலு வரி. ஒன்பது நாள் கழித்து வந்த பதில் பதினொரு பக்கம். ஆயத்த ஸ்கிரிப்ட் சீர்மைக் குழுவின் செயலாளர் எழுதியிருந்தார். மன்றத்திடம் இருநூற்றுப் பன்னிரண்டு நிரல்கள் இருப்பதாகவும், ஒவ்வொன்றின் ஆயத்த ஸ்கிரிப்டும் ஒவ்வொரு மாதிரி எழுதப்பட்டிருப்பதாகவும், ஒன்றுக்கு ‘தயார் செய்’ என்றும், இன்னொன்றுக்கு ‘முதலில் இது’ என்றும், யாரோ சலித்துப்போன ஒருவர் எழுதியதற்கு ‘போதும்’ என்றும் பெயர் இருப்பதாகவும், இவை எல்லாவற்றையும் ஒரே சீராக்கவே குழு பதினோரு வருடமாக இயங்கிவருவதாகவும் கடிதம் விளக்கியது. இதுவரை, எல்லா ஸ்கிரிப்டிலும் முதல் வரி காலியாக இருக்க வேண்டும் என்பதில் முழு உடன்பாடு எட்டப்பட்டிருந்தது. இரண்டாவது வரி பரிசீலனையில் இருந்தது. அக்கா மாற்றச் சொன்னது அறுபத்தெட்டாவது வரி.

கடைசிப் பக்கத்தில் விஷயத்துக்கு வந்திருந்தார்கள். ஒரு நிரலில் மட்டும் பிழையைத் திருத்தினால் அது மற்ற இருநூற்றுப் பதினொன்றிலிருந்து வேறுபட்டுவிடும். எனவே மற்றவற்றிலும் இதே பிழை இருப்பதை மனுதாரர் நிரூபித்தால், திருத்தத்தை ஒரே சீராகச் செய்யலாம்.

கடிதம் நியாயமாகத்தான் இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. அதுதான் அவள் செய்த தவறு. இருநூற்றுப் பதினொரு ஸ்கிரிப்டையும் இறக்கி, ஊசி குத்துவதற்கும் ரத்தம் பரிசோதிப்பதற்கும் நடுவே கிடைத்த நேரத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இதற்குப் பன்னிரண்டு நாள் ஆனது. பழைய கணினி அதற்குள் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. தாளில் எழுதுகிற வேலையை அவளும் நர்ஸும் துப்புரவுக்கார அம்மாவும் முறை வைத்துச் செய்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரும் அந்த அறையை விட்டுப் போக முடியவில்லை. ஒரு முறை நர்ஸ் மாடிக்குப் போய் லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். கதவு திறந்ததும் குழந்தையைத் தேடுகிறவள் மாதிரி ஓடி வந்து வெப்பமானியைப் பார்த்தாள். ஐந்து டிகிரி.

அக்கா அனுப்பிய பட்டியல் தெளிவாக இருந்தது. ‘குளிர்க்காவ’லையும் சேர்த்து நூற்று நாற்பது நிரல்களில் அந்தப் பிழை இருந்தது. எழுபத்திரண்டில் இல்லை, அவற்றை எழுதியவர்கள் சரியாகவே எழுதியிருந்தார்கள்.

குழு அவசரக் கூட்டம் போட்டது. மனுதாரர் என்ற முறையில் அவளையும் கைபேசித் திரையில் சேர்த்துக்கொண்டார்கள். குழுத் தலைவர் வெள்ளை முடியும் நிதானமான குரலும் கொண்டவர். பின்னாலிருந்த அலமாரியில் அவரே தொகுத்த முந்நூற்று நாற்பது பக்க சீர்மை விதிநூல் ஏழு பிரதிகள் இருந்தன. அவளுடைய பட்டியல் தன்னை மிகவும் பாதித்துவிட்டதாக அவர் ஆரம்பித்தார். பிழை திருத்தப்படப்போகிறது என்று அவளுக்கு நெஞ்சு லேசானது.

“நூத்தி நாற்பது ஒரு மாதிரி, எழுபத்திரண்டு இன்னொரு மாதிரி,” என்றார் தலைவர். “பதினோரு வருஷமா நம்ம கண்ணு முன்னாடியே இந்த வேற்றுமை இருந்திருக்கு. ஒரு நிரல் ஓடுதா ஓடலையாங்கிறது அந்தந்த வீட்டு விஷயம். எல்லாம் ஒரே மாதிரி இருக்காங்கிறதுதான் பொது விஷயம். நான் இந்தப் பொறுப்புக்கு வந்ததுல இருந்து ஒரு நிரலைக்கூட ஓட்டிப் பார்த்ததில்ல. பார்த்தா ஒரு பக்கம் சாய்ஞ்சிடுவேன்.”

பெரும்பான்மை நூற்று நாற்பது என்பதால், பிழையை மற்ற எழுபத்திரண்டிலும் சேர்ப்பதென்று தீர்மானம் வந்தது. அக்கா குறுக்கிட்டு, அது தப்பான வரி என்றாள். அந்தச் சொல் விதிநூலில் இல்லை என்று செயலாளர் சொன்னார். ‘சீரான’, ‘சீரற்ற’ என்ற இரண்டு சொற்கள்தான் இருந்தன. தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது. குழுவின் வரலாற்றில் காலியான முதல் வரிக்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி அது.

அந்த வாரத்துக்குள் எழுபத்திரண்டு நிரல்களும் புதுப்பித்த இடங்களிலெல்லாம் நின்றன. அக்காவின் கணவர் பேருந்து ஓட்டுநர். சாப்பிட உட்கார்ந்தபோது, டிப்போவில் யார் எப்போது கிளம்ப வேண்டும் என்ற பட்டியல் இரண்டு நாளாக வரவில்லை என்று சொன்னார். பட்டியல் போடுகிற நிரலுக்கு என்னவோ ஆகிவிட்டதாம்.

“எல்லா பஸ்ஸும் ஒரே நேரத்துல கிளம்பிடுச்சு. அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணுமே இல்ல,” என்றார்.

அவள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அவரே, அந்த ஒரு வரியை மாற்ற எத்தனை பேர் சேர்ந்து தள்ளுகிறார்கள் என்று கேட்டார். குழுவில் பத்தொன்பது பேர் என்றாள். தள்ளுகிறார்களா, பிடித்து இழுக்கிறார்களா என்று அவர் கேட்டார்.

இப்போது எல்லா நிரலிலும் பிழை ஒரே சீராக இருந்ததால், விதிப்படி அதைத் திருத்தச் சொல்லி மனுப்போட அவளுக்கு உரிமை வந்திருந்தது. மனுப்போட்டாள். அடுத்த கூட்டம் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. வாக்கெடுப்பு முடியும் வரை மனுதாரர் முகம் திரையில் தெரிய வேண்டும். எழுந்து போனால் மனு காலாவதியாகிவிடும், அடுத்த மனுவை ஒரு வருடம் கழித்துத்தான் போடலாம். நாத்தனாருக்கு டாக்டர் குறித்த நாள் அதிலிருந்து ஐந்தாம் நாள்.

கைபேசியை மேஜையில் சாய்த்து வைத்துவிட்டு, குளிர்பெட்டியின் வெப்பமானி கண்ணில் படும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். நாலு டிகிரி.

முதல் ஒரு மணி நேரம் முந்தைய கூட்டத்தின் குறிப்பைப் படித்தார்கள். பிறகு, ஒன்று புள்ளி ஒன்று பூஜ்யம் என்பதை எப்படி உச்சரிப்பது என்று பெயரிடல் உறுப்பினர் ஒருவர் பேசினார். பதினொன்றரை ஆகும்போது செயலாளர் அவள் பக்கம் திரும்பினார்.

“மேடம், பத்து ஒன்பதைவிடப் பெருசுன்னு மனுவுல சொல்லியிருக்கீங்க. இது உங்க ஆஸ்பத்திரி நடைமுறையா?”

“எங்ககிட்ட ஒன்பது பை இருந்து இன்னொண்ணு வந்தா பத்து ஆயிடும், சார்.”

“நன்றி. உள்ளூர் வழக்கம்னு குறிச்சுக்கிறேன்.”

அப்போதுதான் அவளுக்கு அறையில் ஏதோ குறைவது தெரிந்தது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. பதினேழு வருடமாகக் கேட்டுக்கேட்டுக் காதில் விழாமலே போன சத்தம் அது: கம்ப்ரஸரின் உறுமல். வெப்பமானியைப் பார்த்தாள். ஆறு.

நர்ஸை ஜாடை காட்டிக் கூப்பிட்டு, மெக்கானிக்குக்கு போன் செய்யச் சொன்னாள். மெக்கானிக் நகரத்தின் அந்தக் கோடியில் இருந்தான். வருவதற்கு ஒரு மணி நேரமாவது ஆகும். ஆறு புள்ளி ஐந்து. கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் குளிர் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். திறந்துவிட்டால் ஒரே மூச்சில் எல்லாப் பைகளையும் எடுத்தாக வேண்டும். ரத்த தான முகாமுக்குக் கொண்டுபோகிற பனிப்பெட்டிகள் கிடங்கில் இருந்தன. துப்புரவுக்கார அம்மா கேட்காமலே சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

திரையில் தலைவர் ஒரு புதிய யோசனையை முன்வைத்துக்கொண்டிருந்தார். ஸ்கிரிப்டை மாற்றுவதைவிட எண்களை மாற்றுவது சுலபம் என்று அவருக்குப் பட்டது. உலகில் கருவி செய்கிற எல்லோருக்கும் மன்றம் கடிதம் எழுதி, ஒன்பதுக்கு மேல் பதிப்பு எண் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். ஒன்பதுக்கு அப்புறம் என்ன செய்வது என்று ஒரு உறுப்பினர் கேட்டார். நிறுத்திக்கொள்ளலாம் என்றார் தலைவர். ஒன்பது முறை திருத்தியும் சரியாகாத கருவி பத்தாவது முறை மட்டும் சரியாகிவிடுமா என்ன.

ஏழு டிகிரி.

தான் போயாக வேண்டும் என்று அக்கா சொன்னாள். குளிர்பெட்டி நின்றுவிட்டது, ரத்தம் கெட்டுப்போகும் என்றாள். தலைவர் அவளை மிகுந்த பரிவோடு பார்த்தார்.

“உங்க பதற்றம் புரியுதும்மா. அந்த ரத்தத்துக்காகத்தான் நாங்களும் இங்க உட்கார்ந்திருக்கோம். இன்னும் இருபதே நிமிஷம். நீங்க எழுந்து போனா உங்க மனுவ உங்களாலயே காப்பாத்த முடியாது.”

இருபது நிமிடம் உட்கார்ந்தால் அந்த வரி மாறலாம். மாறினால் இந்த அறையில் மட்டுமல்ல, இதே நிரலை நம்பி இருக்கிற எத்தனையோ அறைகளில் இதே மாதிரி கட்டம் போட்ட தாள் ஒட்ட வேண்டியிருக்காது. அவள் அப்படி நினைத்துப்பார்த்தது உண்மை. பனிப்பெட்டிகள் வந்து சேர்ந்தபோது வெப்பமானி ஏழு புள்ளி ஐந்து காட்டியது. அவள் எழுந்தாள்.

மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். சூடு மேலேதான் முதலில் ஏறும், அதனால் மேல்தட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கதவைத் திறந்ததும் அவள் கண் போனது மூன்றாவது தட்டுக்கு. அந்த நாலு பையின் சீட்டு கதவோரமாகவே தெரிந்தது. கையை நீட்டினால் எடுத்துவிடலாம், இரண்டு நொடி வேலை. அவள் கை ஒரு கணம் அங்கே போய், மேல்தட்டுக்கு ஏறியது. அவள் எடுத்துக் கொடுக்க, நர்ஸ் தொட்டுப் பார்த்து எண்ணிச் சொல்ல, துப்புரவுக்கார அம்மா பனிக்கட்டிக்கு நடுவே அடுக்கினாள். மேஜை மேலிருந்த கைபேசியிலிருந்து ஒருவர் அரைப்புள்ளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

மேல்தட்டில் பதினொரு பைகள் பத்தைத் தொட்டிருந்தன. அவற்றைத் தனியாக வைத்தார்கள். மற்ற நூற்று எழுபத்தைந்தும் தப்பின. மூன்றாவது தட்டுக்கு வரும்போது அவள் விரல்கள் மரத்துப் போயிருந்ததால் பையின் குளிர்ச்சியை உணர முடியவில்லை. நர்ஸ் வாங்கி, கையடக்க வெப்பமானியால் அளந்துவிட்டு, எட்டு என்றாள். அக்கா நான்காவது தட்டில் கை வைத்தாள்.

மெக்கானிக் வந்து கம்ப்ரஸரைச் சரிசெய்து முடிக்கும்போது மணி இரண்டு. கைபேசியைப் பார்த்தாள். கூட்டம் முடிந்திருந்தது, குறிப்பு வந்திருந்தது. ‘மனுதாரரின் நாற்காலி காலியாக இருந்ததால், அவருக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை என்று பதிவு செய்யப்பட்டது. மனு காலாவதியானது. ஒன்பதுக்கு மேற்பட்ட எண்களைத் தவிர்க்கக் கோரும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.’ ஏகமனதில் அவள் மனதையும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் நேரே புதுக் கணினிக்குப் போனாள். அறுபத்தெட்டாவது வரியை மாற்றி, நிரலைச் சமைத்து, வெப்பமானியோடு இணைத்தாள். ஒரு கோப்பை வெந்நீரில் வெப்பமானியின் முனையை வைத்துப் பார்த்தாள். நான்கு கைபேசிகளும் அலறின. கண்காணிப்பாளருடையதும் அதில் ஒன்று. அவர் இரண்டு மாடி இறங்கி மூச்சு வாங்க வந்தார். சிவப்பு முத்திரையையும், தனியாகக் கிடந்த பதினொரு பைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“முத்திரை வரலையா, அக்கா?”

“வரல, சார். ஆனா ஓடுது.”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்குத் திரையில் எதுவும் தெரியாது என்பது மருத்துவமனையில் எல்லோருக்கும் தெரியும். நல்லது, வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ரத்த வங்கிக்கு வரும்போதெல்லாம் வாசலிலேயே கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.

நாத்தனாருக்குக் குறித்த நாளுக்கு ஒரு நாள் முந்தியே வலி எடுத்தது. பெண் குழந்தை. நாலில் மூன்று பை தேவைப்பட்டது. மூன்றாவது பை ஏறிய பிறகுதான் டாக்டர் வெளியே வந்து சிரித்தார். நடைபாதை பெஞ்சில் கணவரோடு உட்கார்ந்திருந்தபோது, சொல்லாமல் இருக்க முடியாமல் அக்கா சொன்னாள்.

“அன்னைக்கு உங்க தங்கச்சியோட பைய நான் முதல்ல எடுக்கல.”

அவர் எழுந்து போய்விடுவாரோ என்று அவளுக்குத் தோன்றியது.

“மேல்தட்டுல இருந்ததும் யாரோ ஒருத்தருக்குத்தானே,” என்றார் அவர். அப்புறம் குழந்தையைப் பார்க்கப் போனார்கள்.

இதற்கிடையே வேறு ஊர்களின் ரத்த வங்கிகளிலும் பழைய கணினிகள் ஒவ்வொன்றாகப் படுக்க ஆரம்பித்திருந்தன. கூட்டக் குறிப்பில் அவளுடைய கைபேசி எண்ணைப் பார்த்துவிட்டு ஒரு டெக்னீஷியன் கூப்பிட்டார். அவள் தன் ஸ்கிரிப்டை அனுப்பினாள். அவர் இன்னொருவருக்கு அனுப்பினார். இரண்டு மாதத்தில் முப்பத்தொரு ரத்த வங்கிகளில் அது ஓடியது, எல்லாம் சிவப்பு முத்திரையோடு. எல்லா ஊரிலும் கண்காணிப்பாளர்களுக்கு அந்த ஒரு அறையில் மட்டும் பார்வை மங்கியது.

மன்றத்துக்கு விஷயம் தெரியாமல் இருக்குமா. தடித்த உறையில் ஒரு கடிதம் வந்தது. நடவடிக்கை எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்து, கணவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் பிரித்தாள். அது பாராட்டுக் கடிதம். முப்பத்தொரு ரத்த வங்கிகளும் ஒரு எழுத்துகூட மாறாமல் ஒரே ஆயத்த ஸ்கிரிப்டைப் பயன்படுத்துவது குழுவின் பதினோரு வருட உழைப்புக்குக் கிடைத்த மகத்தான வெற்றி என்று தலைவர் எழுதியிருந்தார். இவ்வளவு முழுமையான ஒருமைப்பாட்டைத் தன் வாழ்நாளில் பார்ப்போம் என்று நினைக்கவில்லையாம். அந்த ஸ்கிரிப்டையே மன்றத்தின் அதிகாரபூர்வ ஸ்கிரிப்டாக ஏற்று, பச்சை முத்திரை வழங்கியிருந்தார்கள்.

அக்கா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். சந்தோஷப்படலாமா என்று கணவரைக் கேட்டாள். அவசரப்படாதே, பின்பக்கமும் இருக்கிறது என்றார் அவர்.

பின்பக்கத்தில் தீர்மானத்தின் நகல் இருந்தது. மன்றத்தின் இருநூற்றுப் பன்னிரண்டு நிரல்களுக்கும் இனி இந்த ஒரே ஸ்கிரிப்ட். ஒரு எழுத்தும் மாறக்கூடாது.

அவள் ஸ்கிரிப்ட் ரத்த வங்கிக்காக எழுதப்பட்டது. நாற்பத்தொன்றாவது வரியில், குளிர்பெட்டியின் வெப்பமானி இணைந்திருக்கிறதா என்று அது பார்க்கும். இணைந்திருக்காவிட்டால் மேலே போகாது. மறுவாரம் பள்ளிக்கூட மணி அடிக்கிற நிரல் நின்றது. சதுரங்க நிரல் நின்றது. டிப்போவில் பேருந்துகள் மறுபடியும் ஒரே நேரத்தில் கிளம்பின.

அவள் கைபேசி ஓயாமல் அடித்தது. ஒரு மதியம் கூப்பிட்டவர் ஏதோ ஊரில் ஒரு நூலகர். புத்தகம் கொடுத்து வாங்குகிற நிரலைப் புதுப்பித்ததிலிருந்து, ‘ரத்தக் குளிர்பெட்டி காணப்படவில்லை, தயவுசெய்து இணைக்கவும்’ என்று திரையில் வருகிறதாம். ரொம்ப மரியாதையாகப் பேசினார். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் இருமுவது கேட்டது. அக்கா பொறுமையாக, நாற்பத்தொன்றாவது வரியை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி அழிப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். ஒரு நிமிட வேலை என்றாள். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்.

“அழிச்சா முத்திரை போயிடுமே, மேடம்?”

“போயிடும். ஆனா வரிசையில நிக்கிறவங்களுக்குப் புத்தகம் கொடுக்கலாம்.”

அந்தப் பக்கம் பேனா மூடியைப் போடும் சத்தம் கேட்டது. பிறகு நூலகர், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“சின்ன சைஸ் ஃப்ரிட்ஜா இருந்தா போதுமா, மேடம்?”